தராசுத் திரையில் தெரியும் எண் தொழிலாளியின் கைக்கும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் கொழுந்து நிறுக்கும் முறை மாறிவிட்டது. முள் தராசைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை கிலோவைச் சத்தமாகச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் புத்தகத்தில் எழுதிய காலம் போய், டிஜிட்டல் தராசும் கைப்பேசியும் மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) வந்திருக்கின்றன. கொழுந்து எடுப்பவரின் அட்டையில் உள்ள கியூஆர் குறியைக் கைப்பேசி படிக்கும். தராசு காட்டும் எடை புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குப் போகும். அங்கிருந்து தோட்ட அலுவலகக் கணினிக்கும், மாதக் கடைசியில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டுக்கும் போய்ச் சேரும். இதே காலத்தில்தான் கம்பனிகள் நாட்சம்பளத்தை விட்டு வருமானப் பகிர்வு, வெளியார் உற்பத்தி முறை (செடிகளைக் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுப்பது), கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி வருகின்றன. தராசைப் பற்றி ஒரு பக்கமும் சம்பள முறையைப் பற்றி இன்னொரு பக்கமும் பேசுகிறோம். இரண்டும் ஒரே விஷயம். வருமானம் முழுவதும் கிலோவைப் பொறுத்தே அமையப் போகிறதென்றால், அந்தக் கிலோவைப் பதிவு செய்யும் எண்ணின் ஒரு பிரதி, அச்சுத் துண்டாகவோ குறுஞ்செய்தியாகவோ, அன்றன்றைக்கே, தமிழில், கொழுந்து எடுத்தவரின் கைக்கு வர வேண்டும். பெரும்பாலான இடங்களில் இன்று அது வருவதில்லை.

டிஜிட்டல் தராசு வேண்டாம் என்று எழுதவில்லை. பழைய முள் தராசைவிட இது நல்ல கருவி. ஸ்பிரிங் நாட்பட நாட்பட இளகும். முள்ளைக் கீழிருந்து பார்த்தால் ஒரு கிலோவும் மேலிருந்து பார்த்தால் இன்னொரு கிலோவும் தெரியும். சொன்ன எண்ணுக்கும் எழுதிய எண்ணுக்கும் இடையில் பென்சில் வழுக்கும். லோட்செல் (பாரத்தை உணரும் மின்பாகம்) வைத்த தராசு 50 அல்லது 100 கிராம் வரை பிரித்துக் காட்டக்கூடியது. இவ்வளவு நுட்பமான கருவியை வைத்துக்கொண்டு, கடைசியில் முழுக் கிலோவை மட்டும் கணக்கில் பதிகிறோமே, அங்கேதான் முதல் சிக்கல்.

ஒரு நாள் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். காலை, பகல், பின்னேரம் என்று மூன்று நிறுவை. பையோடு சேர்த்து 6.8, 6.7, 6.9 கிலோ. மொத்தம் 20.4. ஈரமில்லாத நாள், பையின் உண்மையான எடை 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தடவைக்கும் 1.2 கிலோ கழித்தால் நிகரக் கொழுந்து 19.2 கிலோ. ஒரு நாளைக்குத் தோட்டம் கேட்கும் அளவு 18 கிலோ என்றால் முழுப்பேரும் (முழு நாட்சம்பளம்) ஒரு கிலோவுக்கு மேல் மேலதிகமும் அவருக்குச் சேர வேண்டும். இனி, கைப்பேசிச் செயலியில் பைக்கு 1 கிலோ என்று பதிந்து, கிலோவுக்குக் கீழ் வரும் பின்னத்தையும் வெட்டிவிடும்படி அமைத்திருந்தால் என்ன ஆகும்? 5.8 ஐந்தாகிறது. 5.7 ஐந்தாகிறது. 5.9 கூட ஐந்தாகிறது. மொத்தம் 15 கிலோ. 19.2 கிலோ எடுத்தவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். தராசு பொய் சொல்லவில்லை, கணக்குப்பிள்ளையும் ஏமாற்றவில்லை. செயலியின் அமைப்புப் பக்கத்தில் யாரோ ஒரு தடவை பதிந்த இரண்டு தெரிவுகள் 4.2 கிலோவை எடுத்துக்கொண்டன. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபடி நாட்சம்பளம் 1350 ரூபாவிலிருந்து 1550 ஆகிறபோது, அரைப்பேர் என்றால் 775 ரூபா இழப்பு. ஒரு நாளைக்கு.

பின்னத்தை வெட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஒவ்வொரு நிறுவையிலும் சராசரியாக அரைக் கிலோ போகும். மூன்று நிறுவைக்கு ஒன்றரைக் கிலோ. மாதம் 20 நாள் வேலை என்றால் 30 கிலோ. தீர்வு மிக எளிது: நாள் முழுவதும் தசமத்தோடு கூட்டி, கடைசியில் ஒரேயொரு தடவை மட்டும் முழு எண்ணாக்க வேண்டும், அதுவும் அரைக்கு மேல் இருந்தால் மேலே போக வேண்டும். மென்பொருளில் இதை மாற்றப் பெரிய வேலையோ செலவோ இல்லை.

தண்ணீர்க் கழிவு இன்னும் சிக்கலானது. இதில் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. மழை நாளில் இலையின் மேல் ஒட்டிய தண்ணீருக்குத் தொழிற்சாலை காசு கொடுக்க முடியாது, அது சரி. ஆனால் ஒவ்வொரு நிறுவைக்கும் 2 கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது சரியல்ல. 12 கிலோ பைக்கு 2 கிலோ என்றால் ஏறக்குறைய 17 வீதம். அதே 2 கிலோ 5 கிலோ பைக்கு 40 வீதம். வயதானவர்களும் பிள்ளைப்பேற்றுக்குப் பின் வேலைக்குத் திரும்பியவர்களும் சிறிய பையோடு வருவார்கள். கூடுதலாக இழப்பவர்கள் அவர்கள்தான். செயலியில் இந்தக் கழிவு நிலையான எண்ணாகப் பதியப்பட்டிருந்தால், மழை விட்ட பிறகும் அதை எடுத்துவிட ஒருவர் நினைவாகப் போய் மாற்ற வேண்டும். பெப்ரவரி வெயிலிலும் தண்ணீருக்குக் கழிப்பது அப்படித்தான் நடக்கிறது.

அளந்து கழிக்க வழி உண்டு. நிறுவைக்கு வந்த பைகளில் இரண்டு மூன்றிலிருந்து கலந்து 500 கிராம் ஈரக் கொழுந்தை எடுத்து, உலர்ந்த பருத்தித் துணியில் போட்டு, இலை நசுங்காமல் உதறித் துடைத்து, மறுபடி நிறுக்க வேண்டும். 440 கிராம் வந்தால் தண்ணீர் 60 கிராம், அதாவது 12 வீதம். அந்த நிறுவைக்கு எல்லோருக்கும் 12 வீதம். மழை கூடினால் அடுத்த நிறுவைக்கு மறுபடி பார்க்கலாம். பத்து நிமிட வேலை. எடுப்பவர்களில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இதற்குச் சமையலறைத் தராசு போன்ற சிறிய தராசு ஒன்று வேண்டும். 50 கிலோ தொங்கு தராசில் 60 கிராம் வித்தியாசம் சரியாகத் தெரியாது.

இனித் தராசு. திரையில் எண் ஓடிக்கொண்டிருக்கும்போது பதியக்கூடாது. மரக்கிளையிலோ முக்காலியிலோ தொங்கும் தராசில் பை ஆடும்போது எண் மேலும் கீழுமாகப் போகும். நின்றதும் ஓர் அடையாளம் திரையில் வரும், அதற்குப் பிறகுதான் பதிவு. கொக்கி வெறுமனே இருக்கும்போது திரையில் 0.00 இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பையின் எடையைத் தராசிலேயே கழிக்கும் வகையென்றால், பையைக் கொக்கியிலிருந்து இறக்கியதும் திரையைக் கவனியுங்கள்: −0.40 என்று வந்தால் பைக்கு 400 கிராம் கழிக்கிறார்கள், −1.50 என்று வந்தால் ஒன்றரைக் கிலோ கழிக்கிறார்கள். கேள்வி கேட்காமலே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது. கைப்பேசிச் செயலியில் கழித்தால் இப்படித் தெரியாது. அதனால்தான் எடையும் கழிவும் எழுதிய துண்டு வேண்டும் என்கிறேன்.

தராசு சரியா என்று பார்க்கப் படிக்கல் இல்லாத இடத்தில் தண்ணீர் போதும். கடையில் விற்கும் 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல், மூடி உடைக்காதது, ஆறு எடுத்து ஒரு பையில் போட்டு நிறுத்தால் தண்ணீர் மட்டும் 9 கிலோ. வெறும் போத்தலும் பையும் சேர்ந்து சில நூறு கிராம் கூடும். எட்டரை காட்டினால் அந்தத் தராசை நம்ப முடியாது. ஒரே எடையில் மட்டும் சோதித்து விட்டுவிடக் கூடாது. 3 போத்தலிலும் 12 போத்தலிலும் பார்க்க வேண்டும். சில தராசுகள் குறைந்த எடையில் சரியாக இருந்து பாரம் ஏற ஏறப் பிசகும். ஒரே பையை இரண்டு தடவை நிறுத்தால் ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் பற்றரி இறங்கியிருக்கலாம், லோட்செல்லுக்குள் ஈரம் போயிருக்கலாம், அல்லது கீழே விழுந்து அடிபட்டிருக்கலாம். நம் பக்கத்து மூடுபனியிலும் மழையிலும் இந்த மூன்றும் அடிக்கடி நடக்கும். இரவில் தராசை ஈரம் படாத பெட்டியில் வைப்பதும், பற்றரி ஒரு கோட்டுக்கு வந்ததும் மாற்றுவதும் நிறுக்கும் இடத்துக்குப் பொறுப்பானவரின் கடமையாக எழுத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீர்ப் போத்தல் சோதனை சந்தேகத்தைக் காட்டும், தீர்ப்புச் சொல்லாது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வியாபாரத் தராசுகளைப் பரிசோதித்து முத்திரையிடுவது அவர்களுடைய வேலை. கடைத்தெரு மளிகைக்காரரின் தராசில் தேடும் முத்திரையை மலைத் தராசிலும் தேட வேண்டும். முத்திரை எந்த வருடத்துக்குரியது, தராசின் தொடரிலக்கம் என்ன என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழுதானதும் வேறு தராசைக் கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள். அதற்கும் முத்திரை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

தராசைத் தாண்டிய பிறகும் எண் பல கை மாறுகிறது. மலைச் சரிவுகளில் பல இடங்களில் சிக்னல் இல்லை. அதனால் எடைகள் கைப்பேசியிலேயே தங்கி, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்த பிறகு மொத்தமாக அலுவலகத்துக்குப் போகும். இந்த இடைவெளியில் கைப்பேசி நனைந்தால், பற்றரி இறந்தால், செயலியை அழித்து மறுபடி பதிவேற்றினால் அன்றைய நிறுவை காணாமல் போகும். அனுப்பும் பொத்தானை இரண்டு தரம் அழுத்தி, ஒரே நிறுவை இரட்டையாகப் பதிந்துவிட்டால், அலுவலகத்தில் திருத்தும்போது சரியான பதிவையும் சேர்த்து அழித்துவிடுவதும் உண்டு. கைப்பேசியின் திகதி பிசகியிருந்தால் செவ்வாய்க்கிழமைக் கொழுந்து திங்கட்கிழமைக்குப் போய்விடும்; செவ்வாய்க்கிழமை வேலைக்கு வராதவர் ஆகிவிடுவார். இது சின்ன விஷயமல்ல. நாட்சம்பளத்துக்கு மேலாக, வேலைக்கு வந்த நாளுக்கு 200 ரூபா வருகை ஊக்குவிப்பை அரசு தரும் என்றும் அதே வரவு செலவுத் திட்டம் சொல்கிறது. வருகைப் பதிவு பிழைத்தால் சம்பளமும் போகும், அந்தக் காசும் போகும்.

அட்டை தொலைந்தவருக்கும் நனைந்து குறி அழிந்தவருக்கும் எடையைக் கையால் பதிவார்கள். கையால் பதிவதில் தவறில்லை. ஆனால் யார் பதிந்தது, எத்தனை மணிக்கு, முன்பு என்ன எண் இருந்தது, பிறகு என்ன எண் ஆனது என்ற விபரம் அழியாமல் இருக்க வேண்டும். வங்கியில் ஒரு எழுதுவினைஞர் நம் கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் அதன் தடம் இருக்கும். கொழுந்துக் கணக்கிலும் அப்படி இருக்க வேண்டும். மாற்றிய பதிவுகளின் பட்டியலை மாதம் ஒரு தடவை தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் பார்க்க முடிய வேண்டும்.

துண்டு கொடுக்கச் சொன்னால் அலுவலகங்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு: தமிழில் அச்சடிக்க முடியாது, குறுஞ்செய்திக்குச் செலவு அதிகம். இரண்டுக்கும் விடை இருக்கிறது. இடுப்பில் மாட்டும் 58 மில்லிமீற்றர் புளூடூத் அச்சுப்பொறிகளில் பலவற்றுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பது உண்மை. எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறிகளாக வரும், அல்லது கொம்பும் காலும் பிரிந்து வரும். துண்டு முழுவதையும் கைப்பேசியிலேயே ஒரு படமாக ஆக்கி அனுப்பினால், எந்த மலிவான அச்சுப்பொறியும் சரியாக அடிக்கும். பஸ் நடத்துநர் தரும் டிக்கட் போன்ற தாள்தான் இது. அடுப்பு வெக்கையிலும் மழைக்கோட்டுப் பையின் ஈரத்திலும் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது.

குறுஞ்செய்தி விஷயத்தில் செலவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறியீடு இடமுண்டு. தமிழில் 70 தான். 'மொ' என்ற எழுத்தே இரண்டு குறியீடாக எண்ணப்படும். நீளமாக எழுதினால் ஒரு செய்தி மூன்றாகப் பிரிந்து மூன்று மடங்கு காசாகும். அதனால் சுருக்கி எழுத வேண்டும்:

12/3 மொத்தம் 20.4 பை 1.2 நீர் 0 நிகர் 19.2 பேர் 1

இது 49 குறியீடு. ஒரே செய்தியில் அடங்கும். மூன்று நிறுவைக்கும் தனித்தனியாக அனுப்பத் தேவையில்லை. பின்னேர நிறுவை முடிந்ததும் ஒன்று போதும். கைப்பேசி இல்லாதவருக்கும், ஒரே கைப்பேசியை வீட்டில் நாலு பேர் பாவிக்கும் லயத்துக்கும் அச்சுத் துண்டு. மொத்தம், கழிவு, நிகர் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். நிகரை மட்டும் தரும் துண்டால் எதையும் சரிபார்க்க முடியாது. துண்டை ஒரு கொப்பிக்குள் ஒட்டி வைத்து, 10ஆம் திகதி சம்பளச்சீட்டு வரும்போது மாத நிகரைக் கூட்டிப் பார்த்தால் பிழை எந்த நாளில் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

பெயர் விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே ஆளின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், ஊழியர் சேமலாப நிதியில் இன்னொரு விதமாகவும், வங்கியில் வேறொரு விதமாகவும் எழுதப்பட்டிருப்பது நம் தோட்டங்களில் வழக்கம். கணினியில் பெயரை வைத்துத் தேடினால் ஒருவர் இரண்டு பேராவார். அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தேடினாலும் கவனம் வேண்டும். பழைய இலக்கத்தில் 9 எண்ணும் ஓர் எழுத்தும், 2016க்குப் பிறகு வந்ததில் 12 எண்ணும். பழையதை மாற்றும் முறை இதுதான்: முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து எண்ணை அப்படியே எழுதி, ஒரு பூச்சியம் போட்டு, மிச்ச நாலு எண்ணையும் எழுதி, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். இரண்டு இலக்கமும் ஒரே ஆளுக்குரியது என்று மென்பொருளுக்குத் தெரியாவிட்டால் சேமலாப நிதி இரண்டு கணக்கில் ஏறும். ஓய்வு பெறும் வயதில் அதைச் சேர்க்கத் தொழில் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டிவரும். புதிய மென்பொருளுக்கு மாறும் மாதத்திலேயே அலுவலகப் பதிவில் உள்ள தன் பெயர், இலக்கம், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் மூன்றையும் ஒவ்வொருவரும் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேயிலை வியாபாரத்தின் மேல் முனையில் இந்தத் தடுமாற்றம் எதுவும் இல்லை. 1883இல் தொடங்கிய கொழும்பு தேயிலை ஏலம், நேரில் கூவி விற்ற முறையை விட்டு 2020 ஏப்ரலில், கொவிட் முடக்கத்தின்போது, இணையவழிக்கு மாறியது. எந்தத் தொழிற்சாலைக் குறி, எந்தத் தரம், எத்தனை கிலோ, என்ன விலை என்பது விற்ற அன்றே தெரிகிறது. தொழிற்சாலையை விட்டுப் போகும் தேயிலைச் சாக்குக்கு இலக்கம் உண்டு, பத்திரம் உண்டு. அந்தச் சாக்குக்குள் போன கொழுந்தை எடுத்தவரிடம் மட்டும் தாள் இல்லை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதால், தொழிற்சாலை அடைந்த கொழுந்தின் மொத்தத்தையும் மலையில் தொழிலாளர் பேரில் பதிந்த மொத்தத்தையும் ஒப்பிட்டாலே அதிகக் கழிவு எங்கே நடக்கிறது என்று நிர்வாகத்துக்கும் தெரிந்துவிடும். அந்த ஒப்பீட்டைத் தொழிற்சங்கங்களும் கேட்டு வாங்கலாம்.

இதைவிடப் பெரிய மாற்றம் வெளியார் உற்பத்தி முறை. ஒரு குடும்பத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு செடி பிரித்துக் கொடுத்து, புல் வெட்டுவது, கொழுந்து எடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு, கிலோவுக்கு இவ்வளவு தருகிறோம் என்பது இதன் சுருக்கம். நேரத்துக்கு அடங்கி நிற்க வேண்டியதில்லை, வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து உழைக்கலாம் என்பதால் இளம் குடும்பங்கள் சிலவற்றுக்கு இது பிடித்திருக்கிறது. அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். நாட்சம்பள முறையை எக்காலமும் காப்பாற்றத்தான் வேண்டும் என்ற கொள்கையும் எனக்கில்லை. ஆனால் கிலோ விலை நியாயமா என்று பார்க்க இரண்டு கணக்குகள் போட்டே ஆக வேண்டும்.

முதலாவது, விட்டுப்போகும் காசு. மாதம் 20 நாள், 1550 ரூபா என்றால் 31,000. அதில் வேலை கொடுப்பவர் தரும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், 3,720 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், 930 ரூபா. சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதாவது 21,700; மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 1,800. மூன்றும் சேர்ந்து மாதம் 6,450 ரூபா வரை. குடும்பம் மாதம் 400 கிலோ எடுக்கிறதென்றால், கிலோவுக்கு 16 ரூபா இந்த வகையில் மட்டும் போகிறது. பிரசவச் சகாயம், வேலை விபத்து இழப்பீடு ஆகியவற்றை இதில் சேர்க்கவில்லை. பழைய நாட்சம்பளத்தையும் புதிய கிலோ விலையையும் ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் இந்த 16 ரூபாவை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, விலை எதன்படி ஏறி இறங்குகிறது. சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர் கொழுந்து கொடுக்கும் தொழிற்சாலைக்கு ஒரு சூத்திரம் உண்டு: தேயிலையின் நிகர விற்பனைச் சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு, அந்த உயர வலயத்தின் சராசரிக்கு மேல் விலை கிடைத்தால் கூடிய பகுதியைப் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும். உதாரணத்துக்கு, தேயிலை கிலோ 1,200 ரூபாவுக்கு விற்றால் 68 வீதம் 816 ரூபா. 100 கிலோ கொழுந்தில் 21.5 கிலோ தேயிலை வரும் என்று எடுத்தால், கொழுந்து கிலோவுக்கு 175 ரூபா. வெளியார் உற்பத்தியாளரின் நிலம் கம்பனியின் குத்தகையில் இருக்கிறது, பாதையும் லொறியும் அவர்களுடையவை, உரமும் பெரும்பாலும் அவர்கள் தருவது. அதனால் முழு 175ஐக் கேட்க முடியாது. எதற்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று வரிசையாக எழுதிக் காட்டும்படி கேட்கலாம். நிலத்துக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு, போக்குவரத்துக்கு இவ்வளவு என்று. "இந்த மாத விலை இது" என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தமல்ல. ஏலத்தில் விலை ஏறினாலும் எடுப்பவருக்கு ஏறாது.

உரத்தைப் பற்றித் தனியாக ஒரு வரி. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது விளைச்சல் விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். நாட்சம்பளக்காரருக்கு அந்த இழப்பு நேரடியாக வரவில்லை; செடி பொறுப்பெடுத்தவருக்கு வந்திருக்கும். வறட்சி, கொப்புளக் கருகல் நோய், உர விலையேற்றம் வரும் மாதங்களில் குறைந்தபட்ச வருமானம் எவ்வளவு என்பதும், கவாத்து வெட்டிய பின் செடி கொழுந்து தராத மாதங்களில் அந்தக் குடும்பத்துக்கு என்ன வேலை என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கவாத்து மாதங்களைப் பற்றிக் கேட்காமல் கைச்சாத்திட்டால், பிறகு அங்கேதான் கடன் தொடங்கும்.

யாரிடம் கேட்பது? அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், ஜனவசம ஆகிய அரச நிறுவனங்களின் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவை: தராசுகளின் தொடரிலக்கமும் கடைசியாக முத்திரையிட்ட திகதியும், பைக்கும் தண்ணீருக்கும் கழிக்கும் அளவு பற்றிய சுற்றறிக்கை, பின்னத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்ற விதி. தனியார் கம்பனித் தோட்டங்களில் இந்தச் சட்டம் அப்படியே செல்லாது. தன்னைப் பற்றிய பதிவைக் கேட்டுப் பார்க்க உதவக்கூடிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) இருந்தும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்தள்ளப்பட்டன. ஆகவே அங்கே தொழிற்சங்கம்தான் வழி. கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துவந்த கூட்டு ஒப்பந்தம் 2021இல் இல்லாமற்போன பிறகு பேச்சுவார்த்தை முழுவதும் நாட்சம்பளத் தொகையைச் சுற்றியே நடக்கிறது. 1550 கிடைத்தாலும் 15 கிலோவாகப் பதிந்தால் அரைப்பேர்தான். தொகையோடு சேர்த்து நிறுவைத் துண்டையும் பேச்சு மேசைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெளியார் உற்பத்தி ஒப்பந்தத்துக்குக் கூப்பிடும் குடும்பங்கள் தமிழ்ப் பிரதி கேட்டு வாங்கி, ஒரு வாரமாவது வீட்டில் வைத்து, படித்த பிள்ளைகளைக் கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். கிலோ விலையின் கணக்கு, உரக் கழிவு, கவாத்து மாதங்கள், நிறுக்கும் தராசின் முத்திரை, அன்றன்றைத் துண்டு, சேவைக்காலப் பணம் இதுவரை சேர்ந்தது எவ்வளவு, அது எந்தத் திகதியில் தரப்படும் என்பவை அதில் இல்லையென்றால், அவற்றை எழுதிச் சேர்த்த பிறகு கைச்சாத்திடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட அலுவலக எழுதுவினைஞர்,
தலவாக்கலை.